புல்தடுக்கிப் பயில்வான்

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இத்தனை நாள் கழிச்சு வந்து புல்லைப் பத்தி எழுதறானே, இவனுக்கு என்ன ஆச்சுன்னு நினைக்காதீங்க மக்களே. நானூறு டாலரும் ஒரு வசந்தகாலமும் மண்ணோட மண்ணாப் போன வயித்தெரிச்சல்ல எழுதறது இது.

நியூஜெர்சியில வீடு வாங்கினோம். வாசல்ல ரெண்டு பெரிய மேப்பிள் மரம். அதைச் சுத்தி சொட்டை விழுந்த மண்டை மாதிரி தரை. ஏப்ரல் மாசம் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்கப் புல் விதைப் பைகள். எந்தப் பையில போட்டிருந்த படம் ரொம்பப் பச்சையா இருந்துச்சோ, அதைத் தூக்கிட்டு வந்தேன். நூத்துக்கு நூறு கென்டக்கி புளூகிராஸ். பேரே கம்பீரமா இருக்கு பாருன்னு தங்கமணிகிட்ட பீத்திக்கவும் செஞ்சேன்.

விதைச்சு மூணு வாரம் ஒண்ணும் வரலை. குருவிங்கதான் வந்துச்சு. மே மாசக் கடைசியில பூனைமுடி மாதிரி மெல்லிசா ஒரு பச்சை. ஜூலை வெயில் பத்து நாள் தொடர்ந்து அடிச்சதும் அது வைக்கோல். மேப்பிள் நிழல்ல இருந்தது அதுக்கும் முன்னாடியே போய்ச் சேர்ந்துடுச்சு. ஊர்ல இருந்து அப்பா போன்ல கேட்டார்: "ஏன்டா, மாடு இல்லாத வீட்டுல எதுக்குடா புல்லு?"

பதில் தெரியலை. ஆனா கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. புல் ரகத்துக்கெல்லாம் என்ன வரலாறு இருந்துடப் போகுதுன்னு தேட ஆரம்பிச்சவன், குளிர்காலம் முழுக்க அதுலயே கிடந்தேன். அந்தக் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

ரெண்டு சாதி

முதல்ல ஒரு அடிப்படை. உலகத்துப் புல்லை எல்லாம் தோட்டக்காரர்கள் ரெண்டாப் பிரிக்கிறாங்க. வெப்பக்காலப் புல், குளிர்காலப் புல். நம்ம அருகம்புல் முதல் வகை. 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அதுக்குக் கொண்டாட்டம். புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் எல்லாம் ரெண்டாம் வகை. 15 முதல் 24 டிகிரிக்குள்ள இருந்தாத்தான் அதுங்களுக்கு உடம்பு சரியா இருக்கும். வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் வளரும், நடுக்கோடையில சுருண்டு படுத்துக்கும்.

"ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி"ன்னு நாம கல்யாணத்துல வாழ்த்தறோம் இல்லையா, அந்த அருகு இங்கே களை! பெர்முடா கிராஸ்னு பேர் வச்சு, மருந்தடிச்சுக் கொல்றாங்க. ஏன்னா முதல் உறைபனி விழுந்ததும் அது காய்ஞ்ச நிறத்துக்குப் போயிடும், மறுபடி பச்சையாக மே மாசம் ஆகும். ஆறேழு மாசம் வாசல் பழுப்பா இருந்தா இங்கே மானம் போயிடும். அதனாலதான் அமெரிக்காவின் வடபாதி முழுக்கக் குளிர்காலப் புல்.

பேர்ல மட்டும் கென்டக்கி

நான் ஏமாந்த பேர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். கென்டக்கி புளூகிராஸுக்குச் சொந்த ஊர் கென்டக்கி இல்லை. நம்மளை மாதிரியே வந்தேறி :-) ஐரோப்பாவுல இருந்து குடியேறினவங்களோட மேய்ச்சல் விதையா வந்து சேர்ந்தது. கென்டக்கியின் சுண்ணாம்புக்கல் மண்ணு அதுக்குப் பிடிச்சுப் போச்சு. குதிரையும் மாடும் அதை மேய்ஞ்சு கொழுத்துச்சு. கடைசியில ஊர் பேரே புல்லுக்கு ஒட்டிக்கிச்சு.

மேய்ச்சல் புல் எப்படி வாசலுக்கு வந்தது? 1830-ல இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷைர்ல எட்வின் பட்டிங்னு ஒருத்தர் புல் வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளி ஆலையில துணியின் மேல்மயிரை ஒட்ட வெட்டற உருளைக் கத்தியைப் பார்த்து வந்த யோசனை அது. அதுவரைக்கும் மட்டமா வெட்டின புல்தரை வேணும்னா அரிவாள் பிடிக்கிற ஆளுங்களோ ஆட்டு மந்தையோ வேணும். அதாவது பிரபு வீட்டுச் சமாச்சாரம். எந்திரம் வந்ததும் அது நடுத்தர வர்க்கத்துக்கு இறங்கிச்சு. 1870-ல ஃபிராங்க் ஸ்காட் என்கிற அமெரிக்கர் புறநகர் வீட்டுத் தோட்டம் பத்தி ஒரு புத்தகமே போட்டார். வேலி போட்டு மறைக்காதே, உன் வாசல் பச்சை பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியணும் என்பது அவர் கட்சி.

அதுக்கப்புறம் லெவிட்டவுன். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு, 1947-ல இருந்து 1951 வரைக்கும் நியூயார்க்கின் லாங் ஐலண்டுல ஒரே அச்சுல 17,000-க்கும் மேல வீடு கட்டினாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புல்தரை. வாரம் ஒருமுறை வெட்டியே ஆகணும்னு ஒப்பந்தத்துல விதி. ஆரம்பகால ஒப்பந்தத்துல இன்னொரு விதியும் இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது. இப்படிப்பட்ட விதிகளை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாதுன்னு 1948-ல உச்சநீதிமன்றம் சொன்ன பிறகும் நடைமுறை மாறலை. இன்னிக்கு என் தெருவுல குஜராத்தி, தெலுங்கு, கொரியன், தமிழன் எல்லாம் சனிக்கிழமை காலையில மெஷினைத் தள்ளிக்கிட்டுப் போறதைப் பார்க்கறப்ப இது ஞாபகம் வரும்.

பதினேழாம் குழியின் ராஜா

லெவிட்டவுன் வாசலுக்கெல்லாம் விதை வேணுமே? அதுவரைக்கும் புளூகிராஸ்னா ஒரே சரக்குதான். மேய்ச்சல் நிலத்துல தானா விளைஞ்சதை அறுத்து மூட்டை கட்டி வித்தாங்க. அதைப் புல்தரையா ஒட்ட வெட்டினா, வசந்தகாலத்துல இலைப்புள்ளி நோய் வந்து கரைஞ்சு போயிடும்.

1936-ல பென்சில்வேனியாவுல மெரியன் கோல்ஃப் மைதானத்தின் பராமரிப்பு அதிகாரி ஜோ வேலன்டைன், பதினேழாம் குழியில பந்தை அடிக்க நிக்கிற மேடைக்கிட்ட ஒரு திட்டுப் புல்லைப் பார்த்தார். சுத்தி இருந்தது எல்லாம் நோயில வாட, அந்தத் திட்டு மட்டும் அடர்த்தியா, கரும்பச்சையா, குட்டையா நின்னுது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வருஷக்கணக்குல சோதிச்சு வெளியே வந்ததுதான் மெரியன் புளூகிராஸ். புல்தரைக்குன்னே தேர்ந்தெடுத்துப் பேர் வச்ச முதல் பெரிய புளூகிராஸ் ரகம். 1950-கள்ல சாதா விதையைவிடப் பல மடங்கு விலை. அப்படியும் ஜனங்க அடிச்சுப் பிடிச்சு வாங்கினாங்க.

இங்கேதான் புளூகிராஸின் ஒரு விசித்திரத்தைச் சொல்லணும். அதோட விதைகள்ல பெரும்பாலானது மகரந்தம் கருவோட சேராமலேயே உருவாகும். அப்பன் இல்லாத பிள்ளைகள்! தாய் எப்படியோ அச்சு அசலா அப்படியே. அதனால மெரியன் விதை எங்கே போட்டாலும் பதினேழாம் குழியில நின்ன அதே செடிதான். ரகம் கலப்படம் ஆகாது, நல்லதுதான். ஆனா ஒரு ஊர் முழுக்க ஒரே உடம்புன்னா, அந்த உடம்புக்கு ஆகாத நோய் ஒண்ணு வந்தாப் போதும்.

வந்துச்சு. 1960-கள்ல கோட்டுக் கரிப்பூட்டை என்கிற பூஞ்சை நோய் மெரியனைப் பிடிச்சுது. இலையில கறுப்புக் கோடு கோடா ஓடி, நாரா கிழிஞ்சு தொங்கும். கூடவே துரு நோய், சாம்பல் நோய். இலைப்புள்ளியை ஜெயிச்ச ராஜா இதுங்ககிட்ட தோத்துப் போனார். புல்தடுக்கிப் பயில்வான் கேள்விப்பட்டிருக்கோம், இவர் புல்லாவே இருந்து தடுக்கி விழுந்த பயில்வான்.

பாகுப் போட்டிக்குப் போன பேராசிரியர்

இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கதை ஓடிக்கிட்டு இருந்தது. 1931-ல கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஃபெர்கஸ் என்கிற பேராசிரியர், மெனிஃபி வட்டாரத்துக்கு ஒரு சோளத்தட்டைப் பாகுப் போட்டிக்கு நடுவராப் போனார். அங்கே பேச்சுவாக்குல, சூட்டர் என்கிற விவசாயியின் மலைச்சரிவுல பனியிலயும் பச்சையா நிக்கிற அதிசயப் புல் பத்திக் கேள்விப்பட்டார். போய்ப் பார்த்தார், விதை வாங்கிட்டு வந்தார். பன்னிரண்டு வருஷம் சோதனை. 1943-ல வெளியிட்டாங்க. கண்டெடுத்த வருஷத்தையே பேராக்கி, கென்டக்கி 31.

இது டால் ஃபெஸ்க்யூ. ஆழமான வேர், வறட்சி தாங்கும், மோசமான மண்ணுலயும் முளைக்கும். மேய்ச்சலுக்குன்னு லட்சக்கணக்கான ஏக்கர்ல போட்டாங்க. அப்புறம்தான் வினை. மேய்ஞ்ச மாட்டுக்குக் குளம்பு அழுகுது, வால் நுனி உதிருது, பால் குறையுது, சினைக்குதிரைக்குக் குட்டி தங்கலை. புல் பார்க்க அவ்வளவு செழிப்பு, மாடு மட்டும் நோஞ்சான்!

காரணம் தெரிய 1977 ஆச்சு. ஜார்ஜியா மாநிலத்துல வேளாண் துறை ஆய்வாளர்கள், அந்தப் புல்லுக்குள்ளேயே ஒரு பூஞ்சை குடியிருக்கறதைக் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. வெளியில தெரியாது. புல்லுக்கு நோயும் இல்லை. விதை வழியா அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்தப் பூஞ்சை இருக்கற புல்லுல உருவாகற நஞ்சு மாட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிடும். சரி, பூஞ்சையை எடுத்துடுவோம்னு பூஞ்சை இல்லாத ரகங்களைக் கொண்டு வந்தாங்க. மாடு பிழைச்சுது, புல் செத்துப் போச்சு! வறட்சியையும் பூச்சியையும் தாங்கினதுல பெரும்பங்கு அந்தக் குடித்தனக்காரனோடதுதான்.

புல்தரைக்காரங்களுக்கு இது லாட்டரி. மாட்டுக்கு ஆகாதது, புல்லைக் கடிக்கிற பல பூச்சிக்கும் ஆகாது. அந்தப் பூஞ்சை உள்ள ரைகிராஸைப் புல்வலைப் புழு சீண்டறதில்லைன்னு 1980-களின் தொடக்கத்துல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல காட்டினாங்க. அதுக்கப்புறம் புல்தரைக்கான ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் ரகங்கள்ல அதை வேணும்னே வச்சுக்க ஆரம்பிச்சாங்க. (உள்குறிப்பு: வெப்பமான இடத்துல ஒரு வருஷத்துக்கு மேல கிடந்த விதையில அந்தப் பூஞ்சை செத்துடும். போன வருஷ மிச்ச மூட்டை மலிவா இருக்கேன்னு வாங்காதீங்க.)

கல்லறையில புல் பொறுக்கினவர்

ரட்கர்ஸ் எங்க நியூஜெர்சி பல்கலைக்கழகம்தான். அங்கே ரீட் ஃபங்க் என்கிறவர் 1960-களின் தொடக்கத்துல சேர்ந்தார். யூட்டாவுல 1928-ல பிறந்தவர், 2012-ல மறைஞ்சார். இன்னிக்கு அமெரிக்கக் கடையில கிடைக்கற குளிர்காலப் புல்லுல ஏகப்பட்டது அவர் கைபட்ட வம்சம்.

அவர் வழி ரொம்ப எளிமை. பழைய பூங்கா, கல்லறைத் தோட்டம், யாரும் உரம் போடாத, தண்ணி ஊத்தாத பழைய புல்தரை, இங்கெல்லாம் தேடிப் போவார். எல்லாம் செத்துப்போன இடத்துல எது பிழைச்சு நிக்குதோ அதைத் தோண்டி எடுத்துக்கிட்டு வருவார். 1967-ல வந்த 'மன்ஹாட்டன்' ரைகிராஸ் அப்படித்தான், நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பார்க்குல பொறுக்கின செடிகள்ல இருந்து உருவானது. அதுக்கு முன்னாடி ரைகிராஸ்னா முரட்டு மேய்ச்சல் புல், மெஷின் வெட்டினா நுனி நார் நாரா நிக்கும். 1980-ஐ ஒட்டி வந்த 'ரெபெல்', டால் ஃபெஸ்க்யூவை மெல்லிசாக்கி வாசலுக்குக் கொண்டு வந்தது. அப்பன் இல்லாத புளூகிராஸையும் அவர் விடலை. தாய்ச்செடி தானா கருவைத் தொடங்கறதுக்கு முன்னாடியே மகரந்தத்தைச் சேர்த்து, கலப்பு ரகம் உருவாக்க முடியும்னு காட்டினார்.

வேலன்டைன், ஃபெர்கஸ், ஃபங்க் மூணு பேர் கதையும் ஒரே கதைதான்னு எனக்குப் படுது. யாரும் பச்சையா இருக்கறதைத் தேடிப் போகலை. மத்ததெல்லாம் செத்தப்ப எது நிக்குதுன்னு பார்த்தாங்க. நான்தான் பையில இருந்த படத்தைப் பார்த்தேன்.

சரி, எதை வாங்கறது?

அமெரிக்காவில 1939-ல வந்த மத்திய விதைச் சட்டம் புண்ணியத்துல, ஒவ்வொரு பையின் பின்னாலயும் ஒரு சீட்டு இருக்கும். படத்தை விட்டுட்டு அதைப் படிங்க. எந்தெந்த ரகம், எடையில எத்தனை சதவீதம், முளைப்புத் திறன், களை விதை எவ்வளவு, எல்லாம் அதுல வரணும். ரகத்தின் பேரே இல்லாம இருந்தா கீழே வச்சுடுங்க.

அந்தச் சதவீதத்துல ஒரு கண்கட்டு இருக்கு. அது எடைக் கணக்கு. ஒரு பவுண்டு டால் ஃபெஸ்க்யூவில சுமார் ரெண்டேகால் லட்சம் விதை. புளூகிராஸ்ல இருபது லட்சம் வரைக்கும் போகும். 90% ஃபெஸ்க்யூ, 10% புளூகிராஸ்னு போட்ட பையில, எண்ணிப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட சரிபாதி! பத்து சதவீதம்தானேன்னு அலட்சியமா நினைக்க வேண்டாம்.

இனம் வாரியா என் புரிதல் இது:

புளூகிராஸ்: மண்ணுக்கடியில தண்டு ஓடி, விழுந்த ஓட்டையைத் தானே அடைச்சுக்கும். ஆனா முளைக்க ரெண்டுல இருந்து நாலு வாரம். நிழல் ஆகாது. கோடையில பச்சையா இருக்கணும்னா தண்ணி கேட்கும்.

டால் ஃபெஸ்க்யூ: ஆழ வேர், வெயில் தாங்கும், ஓரளவு நிழலும் தாங்கும். ஆனா குத்துக் குத்தா நிக்கிற சாதி, ஓட்டை விழுந்தா நாமதான் மறுபடி விதைக்கணும்.

ரைகிராஸ்: ஒரே வாரத்துல முளைச்சுடும். அந்த வேகத்தாலயே மத்ததை அமுக்கிடும். கலவையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம்.

ஃபைன் ஃபெஸ்க்யூ: ஊசி மாதிரி இலை. நிழலுக்கு இதுதான். உரம் குறைச்சலாப் போட்டா சந்தோஷம். மிதி தாங்காது.

ரகத்துக்கு ரகம் ஒப்பிடணும்னா, மேரிலாண்டின் பெல்ட்ஸ்வில்லை மையமா வச்சு நடக்கற தேசியப் புல்தரைச் சோதனையின் மதிப்பெண்கள் இருக்கு. 1-ல இருந்து 9 வரை, 9-தான் உசத்தி. நாடு முழுக்க உள்ள சராசரியைப் பார்க்காதீங்க. உங்க ஊருக்குப் பக்கத்துல நடந்த சோதனையைப் பாருங்க. முதல் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் நடுவுல இருக்கற புள்ளி வித்தியாசம் பெரும்பாலும் கணக்குல எடுத்துக்கற அளவுக்கு இருக்காது.

முக்கியமா, மெரியன் கதையை மறந்துடாதீங்க. ஒரே ரகத்தை வாங்காதீங்க. ஒரே இனத்துல மூணு ரகமாவது இருக்கட்டும். ஒண்ணுக்கு வந்த நோய் இன்னொண்ணுக்கு வராது. எல்லாம் சேர்ந்து நின்னாத்தான் தரை மூடும்.

காலமும் முக்கியம். ஏப்ரல்ல விதைச்சது என் முதல் தப்பு. குழந்தை நடக்கப் பழகறதுக்குள்ள ஜூலை வந்துடும். எங்க ஊருக்கு ஆகஸ்ட் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் சரி. மண்ணுல சூடு இருக்கும், காத்துல குளிர் வந்திருக்கும், களையும் ஓய்ஞ்சிருக்கும். பிள்ளையார் சதுர்த்தி வந்தா விதைக்கணும்னு ஞாபகம் வச்சுக்கங்க.

அப்படித்தான் செஞ்சேன். வெயில் பக்கம் மூணு ரக டால் ஃபெஸ்க்யூவும் எடையில பத்து சதவீதம் புளூகிராஸும். மேப்பிள் நிழலுக்கு ஃபைன் ஃபெஸ்க்யூ. மரத்து அடியில ஒட்டி இருக்கற ரெண்டடிக்கு எதுவும் வராதுன்னு ஒத்துக்கிட்டு, மரத்தூள் போட்டு விட்டுட்டேன். அடுத்த ஜூலையில தரை படம் மாதிரி இல்லை. ஆனா உயிரோட இருந்துச்சு.

அந்தக் கோடையில அப்பா வந்திருந்தார். வாசப்படியில உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருந்தவர்கிட்ட கென்டக்கி 31 கதையைச் சொல்லி, "மாடு இல்லாத வீட்டுக்குத்தாம்ப்பா இந்தப் புல்லு"ன்னேன். ஒரு வருஷமா வச்சிருந்த பதில். அவர் சிரிக்கலை. "மாட்டுக்கு ஆகாத புல்லை இத்தனை அருமையா வளர்க்கறீங்களேடா"ன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில பார்த்தா கார் நிறுத்தற இடத்துல, சிமெண்ட் விரிசல்ல குனிஞ்சு எதையோ பறிச்சுக்கிட்டு இருக்கார். போன மாசம் நான் மருந்தடிச்ச இடம். அதையும் மீறி நாலு கொழுந்து விட்டிருந்த அருகம்புல். கழுவிக் கொண்டு போய்ப் பிள்ளையார் படத்துக்கு வச்சார்.

ரீட் ஃபங்க் அங்கே வந்திருந்தா, அவரும் அந்த விரிசல்கிட்டதான் குனிஞ்சிருப்பார்னு நினைக்கிறேன்.

மருந்து டப்பாவை அதுக்கப்புறம் அந்தப் பக்கம் கொண்டு போகலை. உங்க வாசல்ல என்ன புல்லு, அது எந்த வெயிலைத் தாண்டி நிக்குதுன்னு வந்து சொல்லிட்டுப் போங்க மக்களே.